சிங்கப்பூர் பயணம்: 4 வயது, 9 வயது, கூட மாமியார். இந்த அட்டவணை ஓடுமா?

திருச்சி_அம்மா:

வணக்கம். மே முதல் வாரத்தில் சிங்கப்பூர் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 9 வயதுப் பையன், 4 முடிந்த பெண், கூடவே என் மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆனால் "அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஓட்டலில் உட்கார்ந்திருக்கவா வந்தேன்" என்று கேட்கிற ரகம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நள்ளிரவு வாக்கில் ஏறினால் அங்கே காலையில் இறங்கிவிடுவோம். ஓட்டல் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்குமாம்.

இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இறங்கிய அன்றே நகரச் சுற்று, மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை த பே, ராத்திரி நைட் சஃபாரி. மறுநாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் முழு நாள், இருட்டியதும் கடற்கரையில் விங்ஸ் ஆஃப் டைம் காட்சி. அதற்கடுத்த நாள் மிருகக்காட்சி சாலை, ரிவர் வொண்டர்ஸ், பேர்ட் பாரடைஸ் மூன்றும் ஒரே நாளில். கடைசி நாள் கேபிள் கார், மெழுகுச் சிலைகள், மீன் காட்சியகம், அப்புறம் முஸ்தபாவில் ஷாப்பிங், அங்கிருந்து நேராக விமான நிலையம். கணவரோ "காசு கொடுத்துப் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா" என்கிறார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். இது சின்னப் பிள்ளைகளோடு நடக்கிற காரியமா? 4 வயதுப் பெண்ணுக்கு யுனிவர்சல் தேவையா? எந்தப் பகுதியில் தங்கினால் வசதி? ரயிலிலேயே சுற்றலாமா, டாக்சிதானா? பெண்ணுக்கு தயிர் சாதம் இல்லாமல் ஒரு வேளையும் போகாது, அதற்கும் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தேக்காவாசி:

வாங்க, வாங்க. இங்கேதான் இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டுவதே எங்கள் வீட்டில் ஒரு வேலை. அந்த டிராவல்ஸ்காரர் குழந்தைகளைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றுகிறது. மூன்றாவது நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிருகக்காட்சி சாலை, ரிவர் வொண்டர்ஸ், பேர்ட் பாரடைஸ் மூன்றும் மண்டாய் என்கிற ஒரே பகுதியில்தான் இருக்கின்றன, அது வரை சரி. ஆனால் பேர்ட் பாரடைஸ் மட்டுமே 17 ஹெக்டேர். மிருகக்காட்சி சாலை அதைவிடப் பெரிது. மூன்றையும் ஒரே நாளில் அடைத்தால் மூன்றாவது இடத்தில் பிள்ளைகள் கிளியையும் பார்க்க மாட்டார்கள், பாண்டாவையும் பார்க்க மாட்டார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு அழுவார்கள்.

முதலில் ஒரு விஷயம் சொல்கிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரில் காலை 7 மணிக்கு எழுகிற பிள்ளை இங்கே 9.30-க்குத்தான் எழும். அதை அடித்து எழுப்பி 8 மணி வண்டியில் ஏற்றுவதுதான் பேக்கேஜ்காரர்கள் செய்கிற வேலை, அதனால்தான் பாதிப் பிள்ளைகள் பேருந்திலேயே தூங்குகின்றன. அதே கணக்கு ராத்திரியில் உங்களுக்குச் சாதகம். கார்டன்ஸ் பை த பேயில் சூப்பர்ட்ரீ மரங்களின் விளக்குக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும், இலவசம். 8.45 என்றால் உங்கள் பெண்ணின் உடம்புக்கு மாலை ஆறேகால். கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். ஆகவே காலையை மெதுவாகத் தொடங்குங்கள், மதியம் அறைக்கு வந்து படுங்கள், மாலை 5 மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். மதிய வெயிலும் பொல்லாதது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், வியர்வை காயவே காயாது.

தங்க லிட்டில் இந்தியாவையே பாருங்கள். "சிங்கப்பூர் வரை வந்து அங்கேயும் நம்ம ஊர்க் கடைவீதியா" என்று சிலர் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்குக் குழந்தை இருக்காது. லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு எம்ஆர்டி (நகர ரயில்) பாதைகள் சந்திக்கின்றன. டவுன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமல் பேஃபிரண்ட், இறங்கினால் கார்டன்ஸ் பை த பே. அதே பாதையில் எதிர்ப்பக்கம் போனால் பொட்டானிக் கார்டன்ஸ். வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அதாவது யுனிவர்சல் இருக்கிற செந்தோசா தீவுக்கு வாசல். மதியம் வந்து படுத்துவிட்டுப் போவது இதனால்தான் சாத்தியமாகிறது. சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது, ஆனந்த பவன் அதற்கும் மூத்தது, தயிர் சாதம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். மாமியாருக்கு வீரமாகாளியம்மன் கோவிலும் சீனிவாசப் பெருமாள் கோவிலும் நடக்கிற தூரம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ மாலையிலோ போகச் சொல்லுங்கள். ஞாயிறு சாயங்காலம் மட்டும் அந்த வட்டாரம் முழுக்க வேலைத் தம்பிமார் கூட்டம், தோளோடு தோள் உரசும். அன்றைக்கு வேறு பக்கம் போய்விடுங்கள்.

இறங்குகிற நாளுக்கு ஒன்றும் திட்டம் வேண்டாம். சாங்கி விமான நிலையத்திலேயே ஜுவல் என்கிற கடைவளாகம் இருக்கிறது, முதல் முனையத்தை ஒட்டியே. உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும், உள்ளரங்க அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். காசு கிடையாது. பெட்டிகளை விமான நிலையப் பொருள் காப்பகத்தில் போட்டுவிட்டு அங்கேயே பசியாறி, அருவியைச் சுற்றி வந்தாலே காலை கழிந்துவிடும். அறைக்குப் போய்த் தூங்குங்கள். மெர்லயன் எங்கேயும் ஓடாது, 1972-லிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டுதான் நிற்கிறது.

மே முதல் வாரம் நல்ல தேர்வு. இங்கே பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை, மே கடைசியில்தான் தொடங்கும். அதற்குமுன் வந்துவிட்டால் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் இருக்காது. மே 1 மட்டும் இங்கேயும் விடுமுறை.

ரெட்டைவால்_அம்மா:

எனக்கும் இரண்டு வால்கள், சின்னவன் உங்கள் பெண் வயதில் இருந்தபோது போனோம். தேக்காவாசி சொன்ன மதியத் தூக்கத்தை நான் அப்படியே வழிமொழிகிறேன். அதற்கு மேல் நான் சொல்வது ஒன்றுதான். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு அதிகம் பிடிக்கிற இடங்களில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது, அதனால்தான் எந்த டிராவல்ஸ்காரரும் அதைப் பட்டியலில் போடுவதில்லை.

கார்டன்ஸ் பை த பேயில் குழந்தைகள் தோட்டம் என்று ஒரு மூலை இருக்கிறது, இலவசம். தரையிலிருந்து தண்ணீர் திடீரென்று பீய்ச்சும். என் சின்னவன் ஒரு துளையின் மேல் உள்ளங்காலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான், தண்ணீர் விரலிடுக்கில் சீறிப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் அடித்தது, அது யார் பெற்ற பிள்ளையோ, மொழியும் வேறு, அடுத்த நிமிடம் இரண்டும் கூட்டுச் சேர்ந்து துளை துளையாக மிதித்துக்கொண்டு ஓடின. வெளியே இழுத்து வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாற்று உடையும் துண்டும் பையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டானிக் கார்டன்ஸுக்குள் ஜேக்கப் பல்லாஸ் குழந்தைகள் தோட்டம், அதுவும் இலவசம், அதுவும் திங்கள் மூடல். மரவீடு, சறுக்கு, தண்ணீர் விளையாட்டு எல்லாம் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை, பெரியவர்கள் தனியாக உள்ளே போக முடியாது, குழந்தை கூட இருந்தால்தான் விடுவார்கள். என் கணவர் "முதல் தடவையா இவன் நம்மைக் கூட்டிட்டுப் போறான்" என்றார்.

கண்ணாடிக் குடில்கள் இரண்டும் (ஃபிளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட்) டிக்கெட் இடம். இரண்டில் ஒன்றுதான் என்றால் கிளவுட் ஃபாரஸ்ட். நுழைந்ததுமே 35 மீட்டர் அருவியின் சாரல் முகத்தில் அடிக்கும். லிஃப்டில் மேலே ஏறி, வளைந்து வளைந்து இறங்கி வரலாம், மாமியாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் உள்ளே குளிரும். நனைந்த பிள்ளையை நேராக அதற்குள் கொண்டு போனால் அன்று ராத்திரியே மூக்கு ஒழுகும். முதலில் குடில், அப்புறம் தண்ணீர், அப்புறம் சூப்பர்ட்ரீ, இந்த வரிசைதான் சரி. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் குடில்களை மூடுவார்கள், போகும் முன் அவர்கள் தளத்தில் தேதி பாருங்கள்.

மண்டாயில் ஒன்றே ஒன்று என்றால் மிருகக்காட்சி சாலை. கூண்டுகள் கண்ணில் படாது, அகழியும் செடியும்தான் தடுப்பு. ஒராங்குட்டான்கள் தலைக்கு மேலே கயிறு கயிறாகத் தாவிப் போகும். உள்ளே டிராம் ஓடுகிறது, மாமியாரை அதில் ஏற்றிவிடுங்கள். வெறும் நடையிலேயே முழுவதையும் பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் முழங்கால் அன்றோடு சரி. அன்று ராத்திரியே நைட் சஃபாரியையும் சேர்க்காதீர்கள், அது வேறு நாள், வேண்டுமென்றால் மட்டும்.

தள்ளுவண்டி கட்டாயம். "4 வயசாச்சு, நடப்பாள்" என்று நினைப்பீர்கள், ஊரில் நடப்பாள். இங்கே ஒரு நாளில் நடக்கிற தூரம் ஊரில் ஒரு வாரத்துக்கு நடப்பதில்லை. மடக்குகிற வண்டி ஒன்று போதும். எல்லா ரயில் நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது, பேருந்திலும் மடக்காமல் ஏற்றலாம். தூங்கினால் அவள், விழித்திருந்தால் உங்கள் பைகள்.

இரண்டடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் முன் வரிசை காலியாக இருந்தால் விடாதீர்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிங்கப்பூர் என்றால் அவர்களுக்கு அந்த இருக்கைதான்.

சேலம்_பயணி:

யுனிவர்சல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஐந்து பேரும் போக வேண்டாம் என்று சொல்ல வருகிறேன்.

அங்கே எல்லாமே உயரக் கணக்கு. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்கிற பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, ஜுராசிக் பார்க் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி இன்றைக்கே அளந்துவிடுங்கள். 9 வயதுப் பையன் பெரும்பாலும் 125-ஐத் தாண்டியிருப்பான், அவனுக்கு அது சொர்க்கம். 4 வயதுப் பெண் 100-ஐ ஒட்டி இருப்பாள், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலிலேயே அளவுகோல் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் உள்ளே போக இவள் வெளியே நிற்பது என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்கும் சில சின்ன ராட்டினங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 4 வயது முடிந்ததால் அவளுக்கும் டிக்கெட். மாமியாருக்கு முழு டிக்கெட், அவர் நிழல் தேடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் பையையும் காவல் காப்பார். எதற்கு?

ஆகவே அப்பாவும் பையனும் காலையில் கதவு திறக்கும்போதே யுனிவர்சலுக்குள் போகட்டும். நீங்களும் பெண்ணும் மாமியாரும் மெதுவாக எழுந்து, சாப்பிட்டு, மாலையில் செந்தோசா போங்கள். ஹார்பர்ஃபிரண்டில் இருக்கிற விவோசிட்டி கடைவளாகத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் காசு இல்லை. கூரை போட்ட நடைபாலம் வழியாக நடந்து போனால் அதுவும் இல்லை. தீவுக்குள் பேருந்து, கடற்கரை வண்டி எல்லாம் இலவசம். பாலவன் கடற்கரையில் மணலைக் கொடுத்தால் அந்த வயதுக்கு அது போதும். அங்கே ஒரு தொங்குபாலம் இருக்கிறது, திறந்திருந்தால் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனால் குட்டித் தீவு ஒன்று வரும். மாமியாருக்கு உயரத்திலிருந்து பார்க்க ஆசை என்றால் சிலோசோ கோட்டைக்குப் போகிற வான்பாலம், லிஃப்ட் உண்டு, டிக்கெட் இல்லை, மரங்களின் தலைக்கு மேலே நடக்கலாம், கடலும் கப்பல்களும் தெரியும். கேபிள் காருக்கு ஐந்து பேருக்குக் கொடுக்கிற காசை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

குடும்பமாகப் போனால் எல்லாரும் ஒட்டிக்கொண்டேதான் திரிய வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். பிரிந்து போய் ராத்திரி சாப்பாட்டில் சேர்ந்தால் பேசவும் விஷயம் இருக்கும்.

மெழுகுச் சிலைகளை நான் எடுத்துவிடுவேன். மீன் காட்சியகம் பெண்ணுக்குப் பிடிக்கும், மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அதைப் பெரிதாக்கி சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பழைய பெயரில் தேடினால் குழம்பிப் போவீர்கள்.

திருச்சி_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுவரில் நிறுத்தி அளந்தேன், பையன் 131, பெண் 101. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்! "காலை எக்கி நிக்கிறேன்மா" என்கிறாள். கணவர் பிரிந்து போகிற யோசனைக்கு உடனே சரி சொல்லிவிட்டார், அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஐந்து பேருக்கு ஓட்டலில் ஒரே அறை தர மாட்டேன் என்கிறார்கள், இரண்டு அறை என்றால் செலவு எகிறுகிறது. வீடு மாதிரி வாடகைக்கு எடுத்தால் மலிவு என்று கணவரின் நண்பர் சொல்கிறார், சமையலும் செய்துகொள்ளலாமாம். அதோடு, மழை வந்தால் என்ன செய்வது?

பழைய_பாஸ்போர்ட்:

வீட்டு வாடகை பற்றி மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் கெடு ஆறு மாதம். இணையத்தில் அழகான படத்தோடு "நாள் வாடகை வீடு" என்று வந்தால் ஒதுங்கிவிடுங்கள், பிள்ளைகளோடு போய் வாசலில் பிரச்சினை என்றால் அந்த ஊரில் பேரம் பேச முடியாது. சமையலறை வேண்டுமென்றால் உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்கள், இரண்டு படுக்கை அறையோடு கிடைக்கும். இல்லையென்றால் இடையில் கதவு வைத்த இணைப்பு அறைகள் கேளுங்கள். பதிவு செய்யும்போது குழந்தைகளின் வயதை மறைக்காமல் போடுங்கள்.

விசா இந்தியர்களுக்குத் தேவை, கைக்குழந்தைக்கும் தனி விசாதான். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், ஆறு மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பி வராது. முகவர் தன் பங்குக்கு எவ்வளவு சேர்க்கிறார் என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அதன் பிறகு எஸ்ஜி அரைவல் கார்டு. இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒன்று. இதற்குக் காசே கிடையாது. தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் காசு கேட்கும், அவை அரசுத் தளமே இல்லை.

மாமியாரின் மருந்துப் பை முக்கியம். இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் கைப்பையில், மருத்துவரின் கடிதத்தோடு. தூக்க மாத்திரை எடுக்கிற வழக்கம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், அந்த வகை மருந்துகள் பலவற்றுக்கு அங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வாங்கிய பிறகுதான் கொண்டு போகலாம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை. நேர வித்தியாசத்தால் ஊசி நேரமும் மாறும், அதையும் மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பையனின் பையில் பபிள்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், 1992 முதல் சூயிங்கம் கொண்டுவரத் தடை.

சுவிட்ச் போர்டில் தட்டையான மூன்று கால் செருகிதான் போகும், நம் உருண்டைக் கால் போகாது. ஒரு அடாப்டரும் ஊரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் எடுத்துப் போனால் வீட்டில் உள்ள எல்லா போனும் அதிலேயே ஏறும்.

தேக்காவாசி:

மழைக்குப் பதில் சொல்கிறேன். இங்கே மழை ஊர் மழை மாதிரி நாள் கணக்கில் பிடித்துக்கொள்வது வருடக் கடைசியில்தான். மே மாதத்தில் வந்தால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு ஒரு போடு போட்டுவிட்டு வெறித்துவிடும். நீங்கள் அப்போது அறையில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், இன்னொரு லாபம். மின்னல் எச்சரிக்கை வந்தால் குழந்தைகள் தோட்டத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், யுனிவர்சலில் வெளியே ஓடுகிற ராட்டினங்களையும் நிறுத்துவார்கள். பையனை முதல் இரண்டு மணி நேரத்தில் வெளி ராட்டினங்களை முடிக்கச் சொல்லுங்கள், கூரைக்குள் இருப்பவை எல்லாம் அப்புறம்.

டாக்சி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சாதாரண டாக்சியில் நாலு பேர்தான், ஐந்து பேர் என்றால் ஆறு இருக்கை வண்டி கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். வழக்கமான டாக்சிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, கிராப் போன்ற செயலியில் வருகிற தனியார் கார்களுக்கு இல்லை. உங்கள் பையன் 131, அவனும் கணக்கில் வருகிறான். செயலியில் பதிவு செய்தால் டாக்சி என்று தெளிவாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது குடும்ப வண்டி என்று இருப்பதைப் பாருங்கள். இல்லையென்றால் ஓட்டுநர் வந்து பிள்ளைகளைப் பார்த்ததும் ஏற்ற மாட்டேன் என்பார், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, அபராதம் அவருக்கு.

ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒருவருக்கு ஒரு அட்டை, ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 0.9 மீட்டருக்குக் கீழே இருந்தால் அட்டை இல்லாமலே சும்மா போகலாம், பெண் அதைத் தாண்டிவிட்டாள், 7 வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளுக்கான இலவசச் சலுகை அட்டையைப் பற்றி நிலையத்தில் கேளுங்கள். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். குழந்தை அழுகிறதே என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், இறங்கிக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளையாவது உணவங்காடி நிலையத்தில் சாப்பிடுங்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் நம் சாப்பாடும் இருக்கும், சீனச் சாப்பாடும் மலாய்ச் சாப்பாடும் இருக்கும், பையன் ஏதாவது புதிதாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பெண்ணுக்கு மைலோ வாங்கிக் கொடுங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் ஒன்று தனியாகக் கிடந்தால் அந்த இடம் வேறு யாரோ பிடித்து வைத்தது, உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப் போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும், 2021-லிருந்து அது சட்டம். ஹலால் தட்டு வைக்கிற இடம் தனி, பலகையைப் பார்த்து வையுங்கள்.

திருச்சி_அம்மா:

அருமை. டிராவல்ஸ்காரரிடம் விசா மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிப் போனது. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்குப் பயந்து ஞாயிறையே செந்தோசாவுக்கு ஒதுக்கலாமா?

சேலம்_பயணி:

ஞாயிறு செந்தோசாவில் உள்ளூர்க் கூட்டம் மொத்தமும் கடற்கரையில் இருக்கும், யுனிவர்சல் வரிசையும் நீளும். செவ்வாய், புதனில் போடுங்கள். ஞாயிறு மாலை மெரினா பராஜுக்குப் போய்விடுங்கள். அணைக்கு மேலே பெரிய புல்வெளி, அங்கே எல்லாரும் பட்டம் விடுவார்கள், டிக்கெட் கிடையாது, மாமியாருக்கும் லிஃப்ட் உண்டு. பட்டத்தை ஊரிலேயே வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டுவிடுங்கள், அங்கே விலை கேட்டால் பறக்கிற மனசே போய்விடும்.